ஒரு காலித் தெரு, ஏழு கோடைக்காலம்: ஓவியர் அன்டோனியோ லோபஸின் கதை

இன்னைக்கு எபிசோடை ஒரு படத்தில் இருந்து ஆரம்பிக்கலாம். முடிஞ்சா கேட்டுக்கிட்டே ஃபோனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்து வெச்சுக்குங்க. 'கிரான் பியா' என்று பெயர். வரைந்தவர் அன்டோனியோ லோபஸ் கார்சியா.

பெரிய படம் இல்லை. ஒரு மீட்டருக்கும் சற்றுக் குறைவான அகலம், கிட்டத்தட்ட அதே உயரம். மாட்ரிட் நகரத்தின் நடு மையத்தில் இருக்கும் ஒரு பெரிய சாலை. ரெண்டு பக்கமும் உயரமான கட்டடங்கள். படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தார்ச்சாலை, அதன் மேல் வெள்ளைக் கோடுகள். ஒரு கடிகாரம் இருக்கு, அது 6:30 காட்டுது. ஒரு ஆள் இல்லை. ஒரு வண்டி இல்லை. ஒரு பூனைகூட இல்லை.

முதல் தடவை பார்க்கிறவங்க "இது ஃபோட்டோதானே" என்று கேட்பாங்க. இல்லை, எண்ணெய் வண்ண ஓவியம். அடுத்து "இதை வரைய எவ்வளவு நாள் ஆச்சு?" என்று கேட்பாங்க. அதுக்குப் பதில்: ஏழு வருஷம். 1974இல் ஆரம்பித்து 1981இல் நிறுத்தினார்.

ஸ்பெயினோட வரலாறு தெரிஞ்சவங்களுக்கு இந்த ரெண்டு வருஷத்தையும் கேட்டதும் கொஞ்சம் தூக்கிவாரிப் போடும். ஏன்னா 1974இல் அந்த நாடு ஒரு சர்வாதிகாரியின் கையில் இருந்தது. 1981இல் அது ஜனநாயக நாடு. நடுவில் ஒரு தேசமே தலைகீழா மாறிடுச்சு. அந்த ஏழு வருஷமும் இந்த மனுஷன் காலி ரோட்டைப் பார்த்து வரைஞ்சுக்கிட்டு இருந்தார். இதை எப்படிப் புரிஞ்சுக்கிறது? நாட்டில் நடந்த எதையும் கண்டுக்காத ஆளா, இல்ல நாம கவனிக்காத வேற எதையோ கவனிச்ச ஆளா? இந்த எபிசோடோட கேள்வி அதுதான்.

டோமெய்யோசோ என்ற ஊர்

அன்டோனியோ லோபஸ் பிறந்தது 1936 ஜனவரி 6. ஊர் டோமெய்யோசோ. ஸ்பெயினின் நடுவில் இருக்கும் லா மான்சா பகுதி. டான் குவிக்ஸோட் குதிரையில் சுற்றிய அதே வறண்ட சமவெளி. திராட்சைத் தோட்டம், ஒயின், தூசி, வெயில். குடும்பம் விவசாயக் குடும்பம்.

அவர் பிறந்து ஆறே மாதத்தில், 1936 ஜூலையில், ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. 1939இல் போர் முடிந்தபோது ஜெனரல் பிராங்கோ ஜெயித்திருந்தார். அடுத்த முப்பத்தாறு வருஷம், சாகும்வரை, அவர்தான் நாட்டை ஆண்டார். அதாவது லோபஸின் தலைமுறைக்குப் போருக்கு முந்தைய ஸ்பெயின் ஞாபகத்திலேயே கிடையாது. நினைவு தெரிந்த நாளில் இருந்து நாற்பது வயதை நெருங்கும்வரை ஒரே ஆட்சி.

அவருக்கு ஒரு சித்தப்பா முறை உறவு, அன்டோனியோ லோபஸ் டோர்ரெஸ் என்ற ஓவியர். அதே ஊர்க்காரர். அச்சடித்த படங்களைப் பார்த்து நகலெடுத்துக் கொண்டிருந்த பையனை, எதிரே இருக்கும் பொருளைப் பார்த்து வரைய வைத்தவர் அவர்தான். கேட்க ரொம்பச் சாதாரணமான அறிவுரை. ஆனா அந்தப் பையன் எழுபது வருஷத்துக்கு மேல் அதைத்தான் செஞ்சுக்கிட்டு இருக்கார். எதிரே என்ன இருக்கோ, அதைப் பார். திரும்பவும் பார்.

சித்தப்பாவின் தூண்டுதலில் 1949இல், பதின்மூன்று வயதில், மாட்ரிட் வந்து நுழைவுத் தேர்வுக்குத் தயாரானார். அடுத்த வருஷம் சான் பெர்னாண்டோ கலைக்கல்லூரியில் சேர்ந்தார். கூடப் படிச்சவங்க பெரும்பாலும் அவரை விடப் பெரியவங்க.

நாலு ஜோடி நண்பர்கள்

அந்தக் கல்லூரியைச் சுற்றி உருவான நட்பு வட்டத்தைத்தான் இப்போ 'மாட்ரிட் யதார்த்தவாதிகள்' என்று சொல்றாங்க. கொஞ்சம் சினிமாக் கதை மாதிரி இருக்கும். லோபஸ், ஓவியர் மரியா மொரேனோவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். சிற்பி பிரான்சிஸ்கோ லோபஸ், ஓவியர் இசபெல் கின்தானிய்யாவை. அவருடைய அண்ணன், சிற்பி ஹூலியோ லோபஸ், ஓவியர் எஸ்பெரான்சா பராதாவை. ஓவியர் லூசியோ முன்யோஸ், ஓவியர் அமாலியா அவியாவை. நாலு வீடு, எட்டு கலைஞர்கள்.

இந்த எட்டுப் பேரில் உலகம் முதலில் கவனித்தது ஆண்களைத்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இசபெல் கின்தானிய்யாவின் படங்களை வாங்கிச் சேர்த்தவர்கள் பெரும்பாலும் ஜெர்மானியர்கள். சொந்த ஊரில் தாமதமாகத்தான் பெயர் வந்தது. மாட்ரிட்டின் தைஸன் அருங்காட்சியகம் அவருக்கென்று தனிக் கண்காட்சி வைத்தது 2024இல். அவர் இறந்து ஏழு வருஷம் ஆன பிறகு.

இந்தக் குழு ஏன் முக்கியம்? ஏன்னா அவங்க காலத்துல யதார்த்த ஓவியம் என்பது ஃபேஷனே இல்லை. இங்கே ஒரு வினோதம் இருக்கு. சர்வாதிகாரிக்கு நவீன ஓவியம் பிடிக்காது, அவர் பழைய பாணியைத்தான் வளர்த்திருப்பார் என்று நாம நினைப்போம். ஆரம்பத்தில் அப்படித்தான். ஆனா 1950களில் பிராங்கோ அரசு உலக நாடுகளோடு உறவை ஒட்டவைக்கப் பார்த்தது. அமெரிக்காவோடு ராணுவத் தள ஒப்பந்தம் 1953இல், ஐ.நா. உறுப்பு நாடாக இடம் 1955இல். "நாங்களும் மாடர்ன்தான்" என்று காட்ட ஒரு முகம் தேவைப்பட்டது. அந்த முகமாக வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குப் போனது அரூப ஓவியம். தாபியெஸ், சௌரா, மிய்யாரெஸ் போன்றவர்களின் படங்கள். 1958 வெனிஸ் பினாலேயில் ஸ்பெயின் அரங்கம் பெரிய பேர் வாங்கியது, சிய்யீதாவுக்குச் சிற்பப் பரிசு கிடைத்தது. இந்தக் கலைஞர்களில் பலருக்கு பிராங்கோவைப் பிடிக்காது. ஆனாலும் அவங்க படங்களை அரசு தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கிச்சு.

அந்தச் சூழலில் ஒருத்தர் உட்கார்ந்து வாஷ்பேசினைப் பார்த்து வரைகிறார் என்றால், அரசுக்கும் அவர் தேவையில்லை, புரட்சிக்காரர்களுக்கும் அவர் தேவையில்லை.

வாஷ்பேசினில் என்ன இருக்கு?

உண்மையிலேயே வாஷ்பேசின்தான் வரைஞ்சார். 1967இல் வரைந்த 'வாஷ்பேசினும் கண்ணாடியும்' இப்போ அமெரிக்காவில் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கு. வெள்ளை டைல்ஸ், ஒரு பேசின், மேலே கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே தட்டில் ஷேவிங் பொருட்கள், சீப்பு, பாட்டில்.

கொஞ்சம் உற்றுப் பார்த்தா ஏதோ இடிக்கும். கண்ணாடியை நேராகப் பார்க்கிறோம். பேசினை மட்டும் மேலே இருந்து குனிந்து பார்க்கிறோம். ரெண்டும் ஒரே பார்வைக் கோணம் கிடையாது. நடுவில் ஒரு பட்டை ஓடுது, ரெண்டு படத்தை ஒட்டவைத்த இடம் மாதிரி. அதை அவர் மறைக்கவே இல்லை.

இதுதான் அவருக்கும் கேமராவுக்கும் உள்ள வித்தியாசம். கேமரா ஒரே இடத்தில் நின்று ஒரே நொடியில் பார்க்கும். மனுஷன் அப்படியா பார்க்கிறான்? பாத்ரூமில் நிற்கும்போது முகத்தைப் பார்க்கிறோம், பிறகு தலையைக் குனிந்து குழாயைப் பார்க்கிறோம். தலை அசையுது, நேரம் போகுது. லோபஸ் அந்த அசைவையும் சேர்த்து வரைந்திருக்கார். இன்னொரு விஷயம், கண்ணாடிக்கு நேர் எதிரேதான் நாம நிற்கிறோம். ஆனா கண்ணாடியில் யாருமே தெரியலை.

அவருடைய ஆரம்ப காலப் படங்கள் வேற மாதிரி இருந்தன. 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் அறைக்குள் மனிதர்கள் மிதப்பார்கள், அலமாரி பக்கத்தில் ஒரு முகம் ஆவி மாதிரி தோன்றும். கனவும் வீடும் கலந்த படங்கள். அப்புறம் மெல்ல மெல்ல அந்தக் கனவையெல்லாம் விட்டுட்டார். வீட்டையே அப்படியே வரைந்தாலும் போதுமான அளவு மர்மம் அதில் இருக்கு என்று அவருக்குத் தோன்றியிருக்கணும். டாய்லெட், குளியல் தொட்டி, தோலுரித்த முயல், பாதி சாப்பிட்ட சாப்பாட்டு மேஜை, ஐஸ்பெட்டி. 1966இல் ஐஸ்பெட்டியை வரைந்தவர் 1990களில் திரும்பவும் ஒரு ஃப்ரிட்ஜ் வரைந்தார். கதவு திறந்திருக்கு, உள்ளே வீட்டுச் சாப்பாட்டுச் சாமான். அரண்மனையும் தேவதையும் வரைஞ்சு பழகின எண்ணெய் வண்ணத்தில் அவர் முட்டையும் பால் பாட்டிலும் வரைந்தார்.

இப்போ அந்தத் தெருவுக்குப் போவோம்

கிரான் பியா என்றால் 'பெரிய வழி' என்று பொருள். 1910இல் வேலை தொடங்கி, பழைய வீடுகளை இடித்து நகரத்தின் நடுவே கீறிப் போட்ட சாலை. சினிமா தியேட்டர், ஹோட்டல், பெரிய கடைகள். மாட்ரிட் நகரம் தன்னை மாடர்ன் என்று காட்டிக்கொண்ட இடம்.

இந்தத் தெருவின் பெயர்ப் பலகையை மட்டும் பார்த்தாலே ஸ்பெயினின் இருபதாம் நூற்றாண்டு தெரிஞ்சுடும். உள்நாட்டுப் போர் நடந்தபோது பிராங்கோ படையின் பீரங்கிகள் அங்கிருந்த உயரமான தொலைபேசி நிறுவனக் கட்டடத்தைக் குறிவைத்துச் சுட்டன. குண்டு வந்து விழுந்துக்கிட்டே இருந்ததால் ஊர்மக்கள் அதை 'பீரங்கிக் குண்டு அவென்யூ' என்று கிண்டலாகக் கூப்பிட்டாங்க. போர் முடிந்ததும் பிராங்கோ ஆட்சி அதற்கு 'ஹோசே அன்டோனியோ அவென்யூ' என்று பெயர் வைத்தது. ஹோசே அன்டோனியோ என்பவர் பலாஞ்சே என்ற பாசிசக் கட்சியை நிறுவியவர், போரின்போது குடியரசுத் தரப்பால் சுட்டுக்கொல்லப்பட்டவர். ஆட்சியின் முதல் தியாகி.

ஆக, 1974இல் லோபஸ் தன் ஈசலோடு அங்கே போய் நின்றபோது அந்தத் தெருவின் சட்டபூர்வமான பெயர் ஹோசே அன்டோனியோ அவென்யூ. பேச்சு வழக்கில் எல்லாரும் கிரான் பியா என்றுதான் சொன்னாங்க, அது வேற விஷயம்.

அவர் வேலை செய்த முறை இதுதான். கோடைக்காலத்தில் மட்டும் வருவார். விடியற்காலை, நகரம் எழுந்துக்கும் முன்னாடி, அல்கலா தெருவும் கிரான் பியாவும் சந்திக்கும் இடத்தில் நிற்பார். அவருக்கு வேண்டிய வெளிச்சம் ஒரு நாளைக்கு இருபது முப்பது நிமிஷம்தான் இருக்கும். வெயில் இன்னும் தெருவுக்குள் இறங்கியிருக்காது, ஆனா எல்லாம் தெளிவாத் தெரியும், அந்தச் சாம்பல் வெளிச்சம். அது மாறியதும் தூரிகையைக் கழுவி வைச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவார். மறுநாள் அதே நேரம் அதே இடம். மழை வந்தா அந்த நாள் போச்சு. கோடை முடிந்தா அந்த வருஷமே போச்சு. அடுத்த வருஷம் சூரியன் அதே கோணத்துக்குத் திரும்பி வரணும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஏழு வருஷம் என்பது முழு ஏழு வருஷம் இல்லை. சில கோடைகளின் சில காலைகளில் இருந்து எடுத்த அரை அரை மணி நேரத் துண்டுகள். அவை எல்லாம் சேர்ந்து படத்தில் ஒரே ஒரு 6:30 ஆகுது.

அந்த ரெண்டு கோடைக்கு நடுவே என்ன நடந்தது என்று இப்போ வரிசையா பார்க்கலாம்.

1975 நவம்பர் 20, பிராங்கோ இறந்தார். ரெண்டு நாளில் ஹுவான் கார்லோஸ் அரசரானார். 1977 ஜூன், நாற்பத்தோரு வருஷத்துக்குப் பிறகு முதல் சுதந்திரத் தேர்தல். 1978 டிசம்பர், புதிய அரசியல் சாசனம் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியது. 1979இல் மாட்ரிட்டுக்கு எதிர்க்கட்சியில் இருந்து வந்த பேராசிரியர் டியெர்னோ கல்வான் மேயர் ஆனார். 1981 பிப்ரவரி 23 மாலை, துப்பாக்கி ஏந்திய சிவில் காவல் படையினர் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து எம்.பி.க்களைப் பணயம் பிடிச்சாங்க. அந்த நாடாளுமன்றம் லோபஸ் ஈசல் போட்ட இடத்தில் இருந்து நடந்து போகும் தூரம். அன்று நள்ளிரவு தாண்டி அரசர் டிவியில் தோன்றி ஜனநாயகத்தின் பக்கம் நின்றதும் சதி தோற்றது.

அதே 1981இல் தெருவுக்குப் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. கிரான் பியா. அதே வருஷம் லோபஸும் தன் படத்தை நிறுத்தினார்.

திட்டம் போட்டு அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவே இல்லை. ஆனா பாருங்க, 'ஹோசே அன்டோனியோ அவென்யூ'வில் தொடங்கின படம் 'கிரான் பியா'வில் முடிஞ்சிருக்கு. படத்தில் ஒரு கோடுகூட அதைச் சொல்லலை. கூட்டம் இல்லை, கொடி இல்லை, போஸ்டர் இல்லை. ஆனா தேதியைத் தெரிஞ்சுக்கிட்டுப் பார்த்தா அந்தக் காலித் தெரு வேற மாதிரி தெரியுது. ஒரு ஊரே மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருக்கிற மாதிரி.

படத்தில் இருக்கும் கடிகாரத்தைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். மாட்ரிட் இருப்பது லண்டனின் கிரீன்விச் கோட்டுக்கும் மேற்கே. நியாயமா லண்டன் நேரம்தான் இருக்கணும். ஆனா 1940இல் பிராங்கோ அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியது. பெர்லின் ஓடும் நேரத்துக்கு ஸ்பெயினும் ஓடத் தொடங்கியது. போர் முடிஞ்சும் அதைத் திருப்பவே இல்லை, இன்னைக்கு வரைக்கும். கோடையில் இன்னும் ஒரு மணி நேரம் சேரும். அதனால்தான் ஸ்பெயினில் கோடையில் இரவு பத்து மணி வரை வெளிச்சம், சாப்பாடும் அவ்வளவு லேட். லோபஸ் படத்தில் 6:30க்கு இன்னும் வெயில் இறங்காத வெளிச்சம் இருப்பதற்குக் காரணமும் அதுதான். தெருப் பெயரை மாத்த ஒரு நகராட்சித் தீர்மானம் போதுமா இருந்தது. கடிகாரம் அப்படியே நின்னுடுச்சு. லோபஸ் அரசியலை வரையலைன்னு சொல்றோம். ஆனா தன் கண்ணுக்குத் தெரிஞ்சதை நேர்மையா வரைஞ்சதாலேயே, அவர் யோசிக்காத அரசியலும் உள்ளே வந்து உட்கார்ந்துக்கிச்சு.

அவருடைய மற்ற மாட்ரிட் படங்களுக்கும் இது பொருந்தும். 1987இல் தொடங்கிய ஒரு பெரிய நகரக் காட்சிக்கு 'கேப்டன் ஹாயா தெருவில் இருந்து மாட்ரிட்' என்று பெயர். கேப்டன் ஹாயா என்பவர் பிராங்கோ தரப்பு விமானி. இப்போ அந்தத் தெருவுக்கும் பெயர் மாத்திட்டாங்க, ஒரு கவிஞரின் பெயர் வந்துடுச்சு. பழைய பெயர் படத்தின் தலைப்பில் மட்டும் மிச்சம் இருக்கு.

ஒரு மரமும் ஒரு சினிமாவும்

1990 இலையுதிர் காலம். லோபஸ் தன் வீட்டு முற்றத்தில் தானே நட்ட ஒரு சின்ன மரத்தை வரைய உட்கார்ந்தார். க்வின்ஸ் மரம். சீமைமாதுளை என்று நம்ம பழைய அகராதிகள் சொல்லும். ஆப்பிளுக்கும் பேரிக்காய்க்கும் நடுவே ஒரு மஞ்சள் பழம், வாசனை தூக்கும், பச்சையாகச் சாப்பிட முடியாத அளவுக்குக் கெட்டி.

அவர் வரைவதைப் படம் பிடித்தவர் விக்டர் எரிசே. ஸ்பெயினின் மிகப் பெரிய இயக்குநர்களில் ஒருவர், மிகக் குறைவாகப் படம் எடுத்தவர். ரெண்டு பேருக்கும் வேகம் பொருந்திப்போச்சு. 'எல் சோல் டெல் மெம்ப்ரிய்யோ', அதாவது 'சீமைமாதுளை வெயில்', 1992இல் வெளிவந்தது. கான் திரைப்பட விழாவில் ஜூரி பரிசு பெற்றது. தயாரித்ததில் மரியா மொரேனோவுக்கும் பங்கு உண்டு.

படத்தில் என்ன நடக்குதுன்னு கேட்டா, ஒருத்தர் மரத்தை வரையப் பார்க்கிறார், தோற்றுப்போகிறார். அவ்வளவுதான். ஆனா அந்தத் தோல்விக்கு அவர் செய்யும் ஏற்பாட்டைப் பார்க்கணும். தன் கால் தினமும் அதே இடத்தில் இருக்கணும் என்று தரையில் ஆணி அடிக்கிறார். மரத்தின் நடுவைக் குறிக்கக் கொத்தனார் கட்டுவது மாதிரி தூக்குக்குண்டு தொங்கவிடுகிறார். இலையிலும் பழத்திலும் வெள்ளை பெயின்ட்டால் சின்னச் சின்னக் குறி வைக்கிறார். பழம் பழுக்கப் பழுக்கக் கனம் கூடி, கிளை தாழ, அந்தக் குறியெல்லாம் நாளுக்கு நாள் கீழே இறங்குது. அவர் திருத்திக்கிட்டே போறார்.

மழை வருது. பிளாஸ்டிக் கூடாரம் கட்டுறாங்க. ஆனா அவருக்கு வேண்டிய அந்த வெயில் திரும்பி வரலை. கடைசியில் எண்ணெய் ஓவியத்தைக் கைவிட்டு, பென்சில் எடுத்துப் புதுசா வரைய ஆரம்பிக்கிறார். அதுவும் முடியறதுக்கு முன்னாடி பழம் விழுந்துடுது. முற்றத்தில் ஒரு ரேடியோ பாடிக்கிட்டே இருக்கும். அதில் வளைகுடா நெருக்கடிச் செய்தி வரும். வீட்டுக்குள் போலந்தில் இருந்து வந்த தொழிலாளிகள் சுவரை இடிச்சுக் கட்டிக்கிட்டு இருப்பாங்க. சோவியத் அணி உடைந்து ஐரோப்பாவே இடம் மாறிய வருஷம் அது. அதெல்லாம் இந்த மரத்தைச் சுற்றித்தான் இருக்கு. சத்தமா இல்லை, காதில் விழும் அளவுக்கு மட்டும்.

ஒரு படைப்பு முடிவதே இல்லை, வரைபவர் தன்னால் முடிந்த எல்லையைத் தொடும்போது அது நிற்கிறது, அவ்வளவுதான் என்று லோபஸ் சொல்வதுண்டு. இந்த சினிமா பார்த்தவங்களுக்கு அந்தப் பேச்சு அடக்கமாத் தோணாது. அவர் உண்மையைத்தான் சொல்றார்.

இருபது வருஷம் காத்திருந்த அரச குடும்பம்

இவ்வளவு மெதுவா வேலை செய்யும் ஒருத்தரிடம் ஒரு அரசாங்க வேலையைக் கொடுத்தா என்ன ஆகும்? 1990களின் தொடக்கத்தில் ஸ்பெயினின் தேசிய மரபுடைமை அமைப்பு அரச குடும்ப ஓவியத்தை அவரிடம் ஒப்படைத்தது. அரசர் ஹுவான் கார்லோஸ், அரசி சோபியா, மகள்கள் எலெனா, கிறிஸ்டினா, மகன் பெலிபே. ஐந்து பேர். 1656இல் பெலாஸ்கஸ் வரைந்த 'லாஸ் மெனினாஸ்', 1800இல் கோயா வரைந்த நாலாம் கார்லோஸ் குடும்பம் என்ற வரிசையில் அடுத்தது இதுதான்.

மூணு மீட்டர் உயரத் துணி. அரச குடும்பத்தை வருஷக்கணக்கில் நிற்க வைக்க முடியாது இல்லையா, அதனால் ஃபோட்டோக்களை வைத்து வரைய வேண்டியதாயிற்று. எதிரே இருப்பதைப் பார்த்தே வரையும் ஆளுக்கு இது எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. ஆட்களை நகர்த்தினார், அழித்தார், திரும்ப வரைந்தார். பத்திரிகைகளில் இது ஒரு ஜோக்காகவே ஆகிவிட்டது.

2014 டிசம்பரில் மாட்ரிட் அரண்மனையில் படம் திறந்து வைக்கப்பட்டது. இருபது வருஷம். இடையில் அந்தக் குடும்பம் என்ன ஆச்சு? ஊழல் புகார்களும் யானை வேட்டைச் சர்ச்சையும் சூழ, அதே வருஷம் ஜூனில் ஹுவான் கார்லோஸ் முடி துறந்திருந்தார். எலெனா விவாகரத்து ஆனவர். கிறிஸ்டினா கணவரின் நிதி முறைகேடு வழக்கில் சிக்கியிருந்தார். வரி மோசடிக்கு உடந்தை என்ற அந்தக் குற்றச்சாட்டில் இருந்து 2017இல் விடுதலை ஆனார். பெலிபே புதிய அரசர். அவருக்கு மனைவி உண்டு, ரெண்டு மகள்கள் உண்டு. படத்தில் அவங்க யாரும் இல்லை.

படத்தில் இருப்பது 90களின் இளமையான, வெளிச்சமான ஒரு குடும்பம். வலது ஓரத்தில் பெலிபே மட்டும் மற்றவங்களை விட்டுக் கொஞ்சம் விலகி நிற்கிறார். அவசர அவசரமாக ரெண்டு வருஷத்தில் முடிச்சிருந்தா, அது அரண்மனைச் சுவரில் இன்னொரு அலங்காரப் படம். இருபது வருஷம் தாமதமானதால், இல்லாமல் போன ஒரு குடும்பத்தின் படமாக மாறிடுச்சு. 1981 பிப்ரவரியில் ஜனநாயகத்தைக் காப்பாத்தினதா கொண்டாடப்பட்ட அதே அரசர்தான் இவர் என்பதையும் சேர்த்து யோசிங்க.

அப்போ பதில் என்ன?

இவர் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டை லேசாக ஒதுக்கிட முடியாது. இவருடைய வயதுக் கலைஞர்களில் பலர் சர்வாதிகாரத்தை நேரடியாக எதிர்த்து வரைந்தார்கள். இவரோ கொடுமை நடந்த காலத்தில் பேசினைப் பார்த்தார், தேசம் மாறிய காலத்தில் தார் ரோட்டைப் பார்த்தார், அப்புறம் அரச குடும்பத்தையும் வரைந்து கொடுத்தார். காலித் தெரு அழகா இருக்கலாம், ஆனா அந்தத் தெருவில் போராடிய மக்களை அழிச்சுட்டுத்தானே அது காலியா இருக்கு? நியாயமான கேள்வி. 2008இல் 'தோர்ரெஸ் பிளாங்காஸில் இருந்து மாட்ரிட்' என்ற படம் லண்டன் ஏலத்தில் 13 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அப்போது உயிரோடிருந்த ஸ்பானிய ஓவியர் எவருடைய படத்துக்கும் ஏலத்தில் அவ்வளவு விலை கிடைத்ததில்லை. அதை வரைந்ததும் 1974இல் இருந்து 1982 வரை, அதே கொந்தளிப்பான வருஷங்கள். வாங்கினவருக்கு அரசியல் இல்லாத மாட்ரிட்தான் பிடிச்சதோ என்னவோ.

ஆனா எனக்கு இன்னொரு பக்கமும் தெரியுது. ஒரு சர்வாதிகாரம் நம்மகிட்ட கேட்பது என்ன? அது சொல்றதைப் பார்க்கச் சொல்லும். போஸ்டரைப் பார், அணிவகுப்பைப் பார், தலைவர் படத்தைப் பார். அது போடும் தெருப் பெயரைச் சொல். அந்த மாதிரி நாட்டில் ஒருத்தர், யார் சொல்லியும் கேட்காம, தன் வீட்டுக் குழாயையும் விடியற்காலை ரோட்டையும் தன் கண்ணாலேயே பார்ப்பேன், அதுக்கு ஆகும் நேரத்தை நானே முடிவு பண்ணுவேன் என்று உட்கார்ந்தால், அது எதிர்ப்பு இல்லைதான். வீரமும் இல்லை. ஆனா கீழ்ப்படிதலும் இல்லை. ஆட்சி மாறியபோது அவர் தன் பார்வையை மாத்திக்க வேண்டிய அவசியம் வரலை. பழைய ஆட்சிக்காக எதையும் அவர் அழகுபடுத்தி வரைஞ்சிருக்கலை.

இது முழுமையான பதில் என்று நான் சொல்லமாட்டேன். மிய்யாரெஸ், சௌரா படங்களையும் பக்கத்தில் வெச்சுப் பார்த்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

கடைசியா ஒரு தகவல். 2021 கோடையில் மாட்ரிட்டின் புவெர்த்தா டெல் சோல் சதுக்கத்தில், ஸ்பெயினின் சாலைகளெல்லாம் தூரம் கணக்கிடப்படும் பூஜ்ஜியக் கிலோமீட்டர் இடத்தில், ஒரு பெரியவர் வெயிலில் ஈசல் போட்டு வரைஞ்சுக்கிட்டு நின்னார். சுற்றிலும் கூட்டம். எல்லார் கையிலும் ஃபோன். வீடியோ எல்லாப் பக்கமும் பரவியது. லோபஸுக்கு அப்போ வயது எண்பத்தைந்து. முந்தின வருஷம்தான் மரியா மொரேனோ இறந்திருந்தார், அறுபது வருஷத் துணை. காலித் தெருவை வரைந்தவருக்கு இந்தத் தடவை காலி இடமே கிடைக்கலை. சுற்றி நின்னவங்க ஒரு நிமிஷத்தில் கிளிக் பண்ணிட்டு நகர்ந்தாங்க. அவர் வெளிச்சம் மாறும்வரை அங்கேயே நின்னு வரைஞ்சார்.

இந்த எபிசோடில் சொன்ன படங்களில் ஒண்ணே ஒண்ணு பார்க்க நேரம் இருந்தா, 'வாஷ்பேசினும் கண்ணாடியும்' படத்தைப் பாருங்க. நடுவில் இருக்கும் அந்த ஒட்டுப் பட்டையைக் கண்டுபிடிங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.